ஒரு ரன் முன்னிலையும் ஏழு மேட்ச் உழைப்பும்: ரஞ்சி நாக்-அவுட் பற்றி ஒரு குறிப்பு

2024-25 ரஞ்சி சீசனில் கேரளா முதல் தடவையா இறுதிப் போட்டிக்குப் போச்சு. காலிறுதி, அரையிறுதி, இறுதி, மூன்றுமே டிரா. நாக்-அவுட்டில் ஒரு மேட்ச்சைக்கூட நேரடியா ஜெயிக்காமல் ஒரு அணி கோப்பைக்கு ஒரு படி கீழே வரை வந்தது. கேரளா மேல குறை சொல்ல எதுவும் இல்ல, விதி என்ன கேட்டதோ அதை அழகா ஆடினாங்க. என் கேள்வி விதியைப் பற்றித்தான்.

ரஞ்சி லீக் மேட்ச் 4 நாள், நாக்-அவுட் 5 நாள். நாக்-அவுட் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்த அணி அடுத்த சுற்றுக்குப் போகும். எத்தனை ரன் அதிகம் என்பது கணக்கில்லை. அந்த மூன்று மேட்ச்சில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

காலிறுதி, புனே: ஜம்மு காஷ்மீர் 280. பதிலுக்கு கேரளா 200-க்கு 9 விக்கெட். அங்கிருந்து சல்மான் நிசார், பசில் தம்பியோடு சேர்ந்து 81 ரன் சேர்த்து 281-க்குக் கொண்டு வந்தார். முன்னிலை 1 ரன். பிறகு 399 ரன் இலக்கு, கேரளா 295/6 என்று டிரா பண்ணி மேலே போனது.

அரையிறுதி, அகமதாபாத்: கேரளா 457. குஜராத்தின் கடைசி விக்கெட் அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு, ஸ்லிப்பில் இருந்த சச்சின் பேபி கைக்குப் போச்சு. குஜராத் 455. முன்னிலை 2 ரன்.

இறுதி, நாக்பூர்: விதர்பா 379, கேரளா 342. விதர்பா சாம்பியன்.

1 ரன் நமக்கு என்ன சொல்லுது?

ஒரு சின்ன கணக்கு போடலாம். சம பலம் உள்ள இரண்டு அணிகள். ஒவ்வொரு அணியின் இன்னிங்ஸ் ஸ்கோரும் சராசரியிலிருந்து 100 ரன் அளவுக்கு விலகும் என்று வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம், ஆனால் இந்த வாரம் 450, அடுத்த வாரம் 180 என்று ஆடுவது சகஜம்). அப்போ இரண்டு ஸ்கோருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தின் விலகல் சுமார் 141 ரன். அதில் 1 ரன், 2 ரன் என்பது வெறும் இரைச்சல். எது நல்ல அணி என்று அது எதையும் சொல்லாது. வித்தியாசம் 10 ரன்னுக்குள் வர வாய்ப்பு கிட்டத்தட்ட 6 சதவீதம். அடிக்கடி நடக்காது, ஆனால் நடக்கும்.

இன்னொரு பக்கம் லீக் சுற்று. ஏழு மேட்ச். அந்த சீசனில் மும்பை இருந்த ஏ குழுவில் ஜம்மு காஷ்மீர் முதலிடம். கேரளா சி குழுவில் இரண்டாமிடம். ஏழு மேட்ச்சில் சேர்த்த தகவலை ஓரமா வெச்சிட்டு 1 ரன்னைப் பார்த்து முடிவு பண்ணியிருக்கோம்.

இது நமக்கு ஏன் முக்கியம்? புதுச்சேரி 2018-19 இல்தான் ரஞ்சிக்குள் வந்தது, அதுவும் பிளேட் குழுவில். 2024-25 இல் விதர்பா, குஜராத் இருந்த எலைட் பி குழுவில் ஆடியது. வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து துத்திப்பட்டு மைதானத்தைக் கனவு காண்கிற பசங்களுக்கு, ஒரு காலிறுதி என்பது வாழ்க்கையில் ஒரு தடவை வரலாம். மும்பைக்கு அடுத்த வருஷம் இருக்கு. சின்ன அணிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

மற்றவர்கள் என்ன செய்றாங்க?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் இதே விவாதம் உண்டு. நாலு கருவி, ஒவ்வொன்றிலும் ஆறு பேர் ஆட, சிறந்த ஐந்து மதிப்பெண் எடுத்துக்கொள்வாங்க. சீசனில் எடுத்த மதிப்பெண்களை வைத்துத்தான் தரவரிசை. ஆனால் தேசியப் போட்டியில் எல்லோருக்கும் பூஜ்யத்திலிருந்து தொடக்கம். 2024 இல் ஓக்லஹோமா, 2025 இல் எல்.எஸ்.யூ., இரண்டு வருஷமும் முதல் தர அணி அரையிறுதியிலேயே வெளியே. அங்கே குறைந்தபட்சம் அன்றைக்கு நன்றாக ஆடியவர் ஜெயித்தார் என்று சொல்லலாம். டிரா ஆன மேட்ச்சில் அதைக்கூடச் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் ஷெஃபீல்ட் ஷீல்டில் நேர் எதிர் விதி இருந்தது: இறுதிப் போட்டி டிரா ஆனால் லீக்கில் முதலிடம் பிடித்த அணிக்குக் கோப்பை. 1995-96 இல் தெற்கு ஆஸ்திரேலியா கடைசி ஜோடி தாக்குப்பிடித்து டிரா பண்ணி, அப்படித்தான் கோப்பையை எடுத்தது. அந்த மேட்ச் விறுவிறுப்பு. ஆனால் முதலிட அணி சொந்த மைதானத்தில் உயிரில்லாத பிட்ச் போட்டு ஐந்து நாளும் ஓட்டிவிடலாம் என்ற ஆபத்து அந்த விதியிலேயே இருக்கு. பிறகு அதை மாற்றி, முதல் இன்னிங்ஸ் போனஸ் புள்ளியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஆக, ஒரு விதி நியாயமா என்று மட்டும் கேட்டால் போதாது. அது கேப்டனை என்ன செய்ய வைக்குது என்றும் கேட்கணும். அந்த அரையிறுதியில் கேரளா 457 எடுக்க 187 ஓவர் எடுத்துக்கொண்டது. இரண்டு அணியின் முதல் இன்னிங்ஸும் முடியவே ஐந்தாம் நாள் ஆகிவிட்டது. முன்னிலை கிடைத்தால் போதும் என்று விதி சொன்னால் யார் ரிஸ்க் எடுப்பாங்க?

என் யோசனை

டிரா ஆனால், முன்னிலை 50 ரன்னோ அதற்கு மேலோ இருந்தால் இப்போ உள்ள விதியே இருக்கட்டும். அதற்குக் கீழே என்றால் குழுவில் மேலே முடித்த அணி போகட்டும். நாக்-அவுட்டுக்குப் பிட்ச் தயாரிப்பது இரண்டு மாநிலத்தையும் சேராதவர் கையில் இருக்கணும்.

இந்த விதியில் புனேயில் 1 ரன் முன்னிலை கேரளாவைக் காப்பாற்றியிருக்காது, 399-ஐத் துரத்தியே ஆகணும். கடைசி நாள் தடுப்பாட்டமா இருந்திருக்காது. இறுதியில் முன்னிலை 37 தான். ஆனால் விதர்பா லீக்கில் ஏழில் ஆறு ஜெயித்து பி குழுவில் முதலிடம் பிடித்த அணி. கோப்பை அங்கேயேதான் போயிருக்கும்.

ஓட்டைகளும் இருக்கு. 49, 50 நடுவிலும் ஒரு ரன் தகராறு வரும். ஆனால் அங்கே தோற்கிறவர், ஏழு மேட்ச்சில் பின்தங்கியவர். பெரிய சிக்கல் கேரளா-குஜராத் மாதிரி வந்தால்தான்: இரண்டுமே தங்கள் குழுவில் இரண்டாமிடம். வேறு வேறு குழுவின் புள்ளிகளை ஒப்பிடுவது சரியில்லை. அந்த மாதிரி நேரத்தில் மட்டும் ஆறாவது நாள் ஒன்றை ஒதுக்கி வைக்கலாம். செலவுதான், ஆனால் ஒரு சீசன் முழுக்க ஆடியதை ஹெல்மெட்டில் பட்டுப் போன பந்திடம் விடுவதைவிட அது மலிவு.