ஒத்திகையும் ஒரு வகுப்பறையே

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள், அதன்பின் மலாய்மொழி வழியிலான இடைநிலைப்பள்ளி. இப்பாதையில் பல்கலைக்கழகம் வந்து சேரும் நம் மாணவர் பலருக்கு ஆங்கில இலக்கணம் ஓரளவு தெரியும். ஆயினும், டுட்டோரியல் வகுப்பில் பேச வேண்டுமென்றால் நா எழுவதில்லை. கருத்து இருந்தும் வாய் திறக்காததால் மதிப்பெண்ணையும் தன்னம்பிக்கையையும் ஒருசேர இழக்கின்றனர். இக்குறையைப் போக்க மாணவர் நாடகம் சிறந்ததொரு வழி எனலாம்.

வகுப்பில் ஒரு வாக்கியத்தைப் பத்து முறை சொல்லச் சொன்னால் சலிப்புத் தட்டும். ஒத்திகையிலோ அதே வாக்கியத்தை மீண்டும் மீண்டும் சொல்ல ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். கோபம் போதவில்லை, குரல் கேட்கவில்லை, எதிரில் நிற்பவருக்குப் பொருள் எட்டவில்லை என்று திருத்திக்கொண்டே போகிறோம்.

'ஐ டிட் நாட் டேக் யுவர் மணி' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'ஐ' என்பதை அழுத்தினால், எடுத்தவர் வேறொருவர் என்று பொருள்படும். 'யுவர்' என்பதை அழுத்தினால், எடுத்தது வேறொருவர் பணம் என்றாகும். தமிழில் இதற்கு ஏகாரமும் 'தான்' என்னும் சொல்லும் துணை நிற்கின்றன. ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரலே இவ்வேலையைச் செய்கிறது. அசைகளை ஏறக்குறைய ஒரே அளவில் ஒலித்துப் பழகிய நமக்கு, இந்த நுட்பம் வாய்விட்டுப் பேசிப் பழகினால்தான் கைவரும்.

ஆலன் மேலியும் ஆலன் டஃபும் மொழி கற்பித்தலில் நாடக உத்திகளைப் பற்றி 1978இல் ஒரு நூல் வெளியிட்டனர். பார்வையாளருக்காக மேடையேற்றுவதைவிட, வகுப்பிலேயே நடித்துப் பழகும் பயிற்சிகளையே அவர்கள் வலியுறுத்தினர். மேடை வேண்டாம் என்பதன்று இதன் பொருள். அரங்கேற்ற நாள் ஒன்று குறிக்கப்பட்டால்தான் ஒத்திகை சூடுபிடிக்கும். ஆனால், கற்றல் நிகழ்வது ஒத்திகையில்தான்.

இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. நன்றாகப் பேசுபவருக்கே முதன்மைப் பாத்திரத்தைக் கொடுத்து, தயங்குபவரைத் திரை இழுக்க அனுப்பினால் நோக்கமே கெட்டுவிடும். காட்சிக்குக் காட்சி பாத்திரங்களை மாற்றிக் கொடுக்கலாம். பொருள் புரியாமல் மனனம் செய்வதைத் தவிர்க்க, மாணவர்களே வசனம் எழுதலாம். ஒத்திகையின் நடுவே ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தாமல், குறித்து வைத்துக் காட்சி முடிந்தபின் திருத்தலாம்.

தமிழ் விழாவிற்காக இரவெல்லாம் ஒத்திகை பார்ப்பது நமக்குப் புதிதன்று. மேடைக்கே அஞ்சிய எத்தனையோ பேரை அந்த ஒத்திகைகள் பேச வைத்திருக்கின்றன. அதே உழைப்பில் சிறிதை ஓர் ஆங்கில நாடகத்திற்கும் செலவிட்டால், டுட்டோரியல் வகுப்பிலும் நம் குரல் ஒலிக்கும்.