வேட்டை நாயும் அடுக்குமாடி வீடும்

நாய் இனங்கள் பலவும் ஏதேனும் ஒரு தொழிலுக்காக உருவானவை. ஆடுகளைக் காக்கவும், வீட்டைக் காவல் செய்யவும், வேட்டையில் துணை நிற்கவும் மக்கள் தலைமுறை தலைமுறையாக நாய்களைத் தேர்ந்து வளர்த்தனர். அத்தொழிலுக்கு ஏற்ற பண்புகள் குட்டிகளின் உடலிலும் இயல்பிலும் நிலைபெற்றன. ஆகவே, ஒரு நாயை வீட்டிற்குக் கொண்டுவரும்போது அதன் தொழிலும் உடன் வருகிறது.

இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டது. அவற்றுள் ஒன்று கர்நாடகத்தின் முதோள். மற்றொன்று தமிழ்நாட்டின் இராஜபாளையம். இரண்டும் ஊர்ப் பெயரால் அழைக்கப்படுபவை.

முதோள், பாகல்கோட் மாவட்டத்தில் உள்ள ஊர். முதோள் நாய் இரையைக் கண்ணால் கண்டு துரத்தும் இனம். நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு ஆகியவை அது விரைந்தோட உதவுகின்றன. திறந்த வெளிகளில் முயல் வேட்டைக்கு அது பயன்பட்டது. தென் தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை நாயும் இவ்வகையைச் சார்ந்ததே. இராஜபாளையம் நாயோ காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அடையாளங்கள். வளர்ப்பவரிடம் பற்றுடைய அது, அயலாரை எளிதில் நெருங்க விடாது.

பெங்களூரு அடுக்குமாடி வீடு ஒன்றில் இந்நாய்களை வளர்க்க விரும்பும் குடும்பம் சில வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஓட இடம் உண்டா? பால்கனியில் உலவுவது வேட்டை நாய்க்கு ஓட்டம் ஆகாது. நாள்தோறும் நெடுநடையும், வேலி சூழ்ந்த வெளியில் ஓட்டமும் அதற்குத் தேவை. தெருவில் கயிற்றை அவிழ்த்துவிடுதல் கூடாது. பூனை ஒன்று குறுக்கே ஓடினால் அது துரத்தும்; அழைக்கும் குரல் அதன் செவியில் ஏறாது.

இரண்டாவது, நேரம் உண்டா? பெற்றோர் பணிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் தனித்திருக்கும் நாய் குரைக்கும். பொருள்களைக் கடித்துக் குதறும். குற்றம் நாயினுடையது அன்று. வேலையற்ற உடலின் தவிப்பே அது.

மூன்றாவது, அண்டை வீட்டாரின் நிலை என்ன? மின்தூக்கியில் நாள்தோறும் புதியவர்களைச் சந்திக்க வேண்டிய இடத்தில் காவல் நாய்க்குக் குட்டிப் பருவத்திலேயே பயிற்சி தேவை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் இன்றியமையாதவை.

நான்காவது, குட்டியின் உடல்நலம் எத்தகையது? இராஜபாளையம் குட்டிகளுள் சில பிறவியிலேயே செவித்திறன் அற்றவை. கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின்னரே குட்டியைப் பெறுதல் நன்று.

நாய் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆசையால் வாங்கப்பட்டு, பின்னர் சங்கிலியில் கட்டுண்டோ தெருவில் விடப்பட்டோ துன்புறும் நாய்கள் உண்டு. இவ்வினாக்களுக்கு 'ஆம்' என விடை கூறும் குடும்பத்திற்கு நாட்டு நாய் நல்ல துணை. 'இல்லை' என்பது விடையானால், அமைதியான இயல்புடைய தெரு நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுக்கலாம். நாய் வளர்ப்பதையே தள்ளிவைக்கலாம். அதுவும் அன்பின் செயலே.

அருஞ்சொற்பொருள்
இயல்பு – பிறவிக் குணம்
அயலார் – வெளியார்
மின்தூக்கி – லிஃப்ட்
இன்றியமையாதவை – கட்டாயம் தேவையானவை

சிந்தித்து விடை எழுதுக
1. முதோள் நாயின் உடலமைப்பு அதன் தொழிலுக்கு எவ்வாறு உதவுகிறது?
2. உங்கள் வீட்டிற்கு வேட்டை நாய் பொருந்துமா? காரணம் தருக.