வாங்காத பொருளுக்குப் பணம் போனால்

நோயாளி படுக்கையில் இருக்கும் நாட்களில் அவரது கைப்பேசி பலர் கைகளுக்கு மாறுகிறது. அந்நாட்களில், வாங்காத பொருளுக்குப் பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால், இணையக் கடைக் கணக்கைப் பிறர் கைப்பற்றியிருக்கக்கூடும். வீடு திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுதல் தவறு.

முதலில், அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை அழைத்து, அட்டையை முடக்கச் செய்து, புகார் எண்ணைப் பெறுதல் வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் சேவை எண்களை நம்பலாகாது. அவற்றுள் போலிகளும் உண்டு. அடுத்து, 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும். பின்னர்க் கடைக்கணக்கு, மின்னஞ்சல் இரண்டின் கடவுச்சொற்களையும் மாற்றி, சேமித்த அட்டை விவரங்களை நீக்க வேண்டும். மின்னஞ்சல் பிறர் வசமிருந்தால் புதிய கடவுச்சொல்லும் நிலைக்காது.

விரைவு ஏன்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர், வங்கி இருவர் மீதும் தவறில்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது. ஓடிபி எண்ணை நாமே சொல்லியிருப்பினும், புகாருக்குப் பின் நேரும் இழப்பு வங்கியையே சேரும். ஆதலால் வெட்கப்பட்டுக் காலம் கடத்துவது இழப்பைப் பெருக்கும்.

சேவூர்ப் பகுதியில் பனியன் கம்பெனிக் கூலியிலிருந்து சிகிச்சைக்கெனச் சேர்த்த பணம் பறிபோனால், சிலர் வீட்டாரிடம் மறைத்து மாத்திரைகளைக் குறைத்துக்கொள்வர். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை அவ்வாறு நிறுத்துதல் பேராபத்து. எங்களிடம் தயங்காமல் கூறுங்கள். விலை குறைந்த மாற்று மருந்துகளும், அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துகளும் உண்டு.