முற்றுப்புள்ளியில் சினம் உண்டோ?

கைப்பேசியில் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலத்தைக் கண்டு மனம் பதறும் பெற்றோர் பலர். பெரிய எழுத்தில்லை, நிறுத்தக்குறியில்லை, 'யூ' என்னும் சொல்லுக்கு ஓரெழுத்தே போதுமாம்! மொழி அழிகிறதே என்னும் இக்கவலை முறையானதுதானா?

சுருக்கி எழுதுதல் இன்றைய இளைஞர் கண்ட புதுமையன்று. 'ஓ மை காட்' என்பதை ஓ.எம்.ஜி. என்று மூன்றெழுத்தாக்கி, 1917-இல் சர்ச்சிலுக்கு மடல் வரைந்தவர் ஃபிஷர் பிரபு. 76 வயது நிரம்பிய முன்னாள் கடற்படைத் தலைவர்.

இங்கிலாந்தின் கவன்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயது வரையுள்ள 88 சிறுவரை ஆராய்ந்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். குறுஞ்செய்தியில் சுருக்க வடிவங்களை மிகுதியாகக் கையாண்டவர்களே சொற்களைப் படிப்பதிலும் திறம் பெற்றிருந்தனர். சொல்லின் ஒலியை உணர்ந்தாலன்றி எழுத்தைக் குறைக்க இயலாதல்லவா?

ஆயினும் அங்கே கட்டுப்பாடே இல்லையென எண்ணலாகாது. அங்கும் இலக்கணம் உண்டு. சிலவேளை பள்ளி இலக்கணத்துக்கு நேர்மாறாகவும் இருக்கும். அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவரிடம் நடத்தி, 2015-இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். ஒற்றைச்சொல் விடையின் இறுதியில் முற்றுப்புள்ளி இட்ட குறுஞ்செய்தி, புள்ளியில்லாததைவிட மனப்பூர்வமற்றதாய் அவர்களுக்குத் தோன்றியது. அதே விடை கையெழுத்தில் இருந்தபோது அவ்வேறுபாடு காணப்படவில்லை.

வெளியூரில் பயிலும் மகளுக்கு 'ஓகே' என்று எழுதி, தாம் கற்ற முறைப்படி புள்ளியும் வைக்கிறார் தந்தை. அப்பாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று மகள் இரவெல்லாம் கலங்கக்கூடும். பிழை யாருடையது? இருவரும் தத்தம் இலக்கணப்படியே நடந்தனர்.

விண்ணப்பமும் தேர்வுத்தாளும் வேறு. அவற்றைப் படிப்பவர் நம்மை அறியாதவர். அங்கே மரபு வழுவா எழுத்தே நமக்காகப் பேசும். இவ்வேறுபாட்டை உணராத பிள்ளைக்கே பெற்றோரின் திருத்தம் தேவை. உணர்ந்த பிள்ளையிடம், "அந்தப் புள்ளியை ஏன் விட்டாய்?" என்று கேட்டறியலாம்.