வேட்பாளரை எடைபோட்ட வானொலிக் குரல்

அமெரிக்காவில் ஒளிபரப்பு நிலையங்கள் சர்ச்சைக்குரிய விஷயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தரவேண்டும் என்ற விதி 1987-இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. நடுநிலை என்ற பாசாங்கே இல்லாத குடியரசுக் கட்சிக் குரல் அது.

1992-இல் அதிபர் ஜார்ஜ் புஷ் அவரை வெள்ளை மாளிகையில் ஓர் இரவு தங்கவைத்தார். விருந்தாளியின் பெட்டியைத் தாமே தூக்கிச் சென்றார். வானொலிக்காரருக்கு அவ்வளவு மவுசு!

2008 தேர்தலில் அவருடைய கோபம் சொந்தக் கட்சிக்காரர் மீதே பாய்ந்தது. 2001-இல் வரிக்குறைப்பை எதிர்த்து வாக்களித்தவர், குடியேறிகள் பிரச்சினையில் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியுடன் கைகோத்தவர் என்று ஜான் மெக்கெய்னை அவர் வறுத்தெடுத்தார். வேட்பாளர் போட்டியில் இருந்த மிட் ராம்னியே மேல் என்றார். ஆனாலும் மெக்கெய்ன்தான் வேட்பாளரானார்.

உடனே லிம்பாவின் பார்வை எதிர்முகாமான ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பியது. அங்கே ஹிலாரி கிளின்டனும் ஒபாமாவும் வேட்பாளராகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். பல மாநிலங்களில் ஒரு கட்சியின் ஆதரவாளர் மறு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதைப் பயன்படுத்தி ஹிலாரிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று நேயர்களைத் தூண்டினார். ஹிலாரி மீது பாசமில்லை. அவருக்கும் ஒபாமாவுக்குமான சண்டை நீளவேண்டும், அவ்வளவுதான். இதற்கு அவர் வைத்த பெயர் 'குழப்ப நடவடிக்கை'. இண்டியானாவில் ஹிலாரி நூலிழையில் வென்றபோது, அந்த ஓட்டுகளும் காரணமா என்ற விவாதம் எழுந்தது. அடுத்தவர் வீட்டுச் சண்டையில் எண்ணெய் ஊற்றும் வேலைதான் இது.

துணை அதிபர் பதவிக்குப் பழமைவாதியான சாரா பேலினை மெக்கெய்ன் தேர்ந்தெடுத்ததும் லிம்பா குளிர்ந்துபோனார். நவம்பரில் ஒபாமா வென்றார்.