பழைய கார்களில் எஞ்சின் ஆயில் குறைதல்

எஞ்சின் ஆயில் குறைதல் என்பது இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையில் எஞ்சினிலுள்ள மசகெண்ணெய் இயல்பைவிட அதிகமாகக் குறைவதைக் குறிக்கும். குறைந்த ஆயில் மூன்று வழிகளில் போயிருக்கலாம்: வெளியே கசிந்திருக்கும், எரிதல் அறைக்குள் சென்று எரிந்திருக்கும், அல்லது ரேடியேட்டர் நீரில் கலந்திருக்கும். எந்த வழி என்று தெரியாமல் எஞ்சினைப் பிரித்தால், ஒரு ரப்பர் சீலை மாற்றித் தீர்க்கக்கூடிய குறைக்கு முழு எஞ்சின் வேலைக்கான செலவு ஆகிவிடும். கவனிக்காமல் விட்டால் ஆயில் அழுத்தம் குறைந்து, பேரிங்குகள் தேய்ந்து, எஞ்சின் ஜாம் ஆகும்.

விருதுநகர் வட்டாரச் சூழல்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரம் மழை குறைந்த, வெப்பம் மிகுந்த நிலப்பகுதி. பட்டாசு ஆலைகள் பாதுகாப்புக் கருதி ஊருக்கு வெளியே அமைக்கப்படுவதால், அங்கு சென்று வரும் வண்டிகள் பல இடங்களில் மண்பாதையில் ஓடுகின்றன. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ சரியாகப் பொருந்தாவிட்டாலோ, மண்தூசி உள்ளே புகுந்து சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்குகளையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். தேய்ந்த இடைவெளி வழியே ஆயில் மேலேறி எரியும். கடும் வெயில் ரப்பர் சீல்களையும் ஹோஸ்களையும் விரைவில் இறுகச் செய்கிறது.

முதலில் அளவிடல்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். மேல் குறி வரை ஆயில் நிரப்பி, கிலோமீட்டர் கணக்கைக் குறித்துக்கொண்டு, 1000 கி.மீ. ஓடிய பின் மீண்டும் மேல் குறிக்கு வர எவ்வளவு ஆயில் தேவைப்பட்டது என்று பார்ப்பது வழக்கம். சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு இருபது முறை சென்று திரும்பினால் ஏறத்தாழ இந்தத் தொலைவு வரும். இடையில் வாரம் ஒரு முறையாவது அளவைப் பார்ப்பது அவசியம். பழைய எஞ்சின் சிறிதளவு ஆயில் எடுப்பது இயல்பு. 1000 கி.மீ.க்கு ஒரு லிட்டரை நெருங்கினால் காரணத்தைத் தேட வேண்டும்.

வெளிக்கசிவு

எஞ்சின் ஆறிய பின் அழுக்கைத் துடைத்துச் சுத்தம் செய்து, சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளுவதால், சொட்டு விழும் இடம் கசிவின் இடமாக இருக்காது. ஈரமாக உள்ள பகுதிகளில் மிக உயரமானதும் மிக முன்னால் உள்ளதுமே தேட வேண்டிய இடம். வால்வு கவர் கேஸ்கட், ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், ட்ரெயின் போல்ட் வாஷர், கிராங்க் சீல்கள் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்கலாம்.

2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலுக்குப் பதிலாக ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு வரிகள் உள்ளன. எனவே அங்கே சிறு கசிவு இருப்பதாலேயே பழுது என்று முடிவு செய்ய முடியாது. 1983இல் அறிமுகமான மாருதி 800இல் முன்பக்கச் சீல் கசிந்தால், ஆயில் டைமிங் பெல்ட்டில் பட்டு அதன் ஆயுளைக் குறைக்கும்.

உள்ளே எரிதல்

ஆயில் எரிந்தால் நீலப்புகை வரும். அது எப்போது வருகிறது என்பது காரணத்தைக் காட்டும்.

• காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் மட்டும் புகை வந்தால், வால்வு சீல்கள் பழுதாகியிருக்கலாம்.
• செங்கோட்டை – ஆரியங்காவு போன்ற மலைப்பாதை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு, பின் மிதிக்கும்போது புகை வந்தால், வால்வு சீலோ வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம்.
• ஏற்றத்திலும் வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து புகை வந்தால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம்.

பெட்ரோல் எஞ்சினில் கம்ப்ரஷன் சோதனை இதை உறுதிப்படுத்தும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் தெளிவாகக் கூடினால் குறை ரிங்கில் உள்ளது. கூடாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். வால்வு சீல் மட்டும் பழுதானால் கம்ப்ரஷன் சரியாகவே காட்டும்.

இவற்றுக்கு முன் பிரீதர் குழாயையும் அதன் வால்வையும் பார்ப்பது நல்லது. அவை அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகவும் ஆயில் வெளியேறும். இதைச் சுத்தம் செய்ய அதிகச் செலவு ஆகாது.

நீரில் கலத்தல்

ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலமோ, ஆயில் மூடியின் அடியில் மோர் நிறக் குழம்போ தெரிந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். நீர் ஆயிலில் கலந்தால் டிப்ஸ்டிக்கில் அளவு குறையாதது போலத் தோன்றும்.

தீ அபாயம்

வால்வு கவரிலிருந்து சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டும் ஆயில் தீப்பற்றக்கூடும். ஆயில் எரியும் எஞ்சினின் சைலன்சரில் படியும் கரி, கனன்ற துகள்களாக வெளியே வரவும் வாய்ப்புண்டு. வெடிமருந்து கையாளும் இடங்களுக்கு வரும் வாகனங்களின் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் பொருத்துவது இத்தகைய துகள்களைத் தடுக்கவே. எனவே பட்டாசுத் தொழில் நடக்கும் பகுதியில் ஆயில் கசியும் அல்லது நீலப்புகை விடும் காரைப் பழுது நீக்கும் வரை ஆலை, கிடங்கு வளாகங்களுக்குக் கொண்டு செல்லாமல் இருப்பதே பாதுகாப்பானது.

சரிசெய்தல்

பிரீதர், கேஸ்கட், சீல், வால்வு சீல், ரிங் என்று செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவது முறை. அடர்த்தி கூடிய ஆயில் ஊற்றினால் புகையும் கசிவும் சில காலம் குறையலாம். தேய்மானம் அப்படியே இருக்கும். ஓடும்போது ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும்.