ஒரு பிட்டை மாற்றுவது எவ்வளவு கடினம்?

உங்கள் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் கெர்னல் அதை வழக்கமாக 4 கேபி பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. கிட்டத்தட்ட 21 லட்சம் பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘பூட்டியிருக்கிறதா, டிஸ்க்கில் எழுத வேண்டிய மாற்றம் இருக்கிறதா’ என்று பல அடையாளங்கள் வேண்டும். அடையாளத்துக்கு ஒரு பைட் என்று ஒதுக்கினால் ஒவ்வொரு அடையாளமும் 2 எம்பியை விழுங்கிவிடும். அதனால்தான் ஒரு பக்கத்தின் அடையாளங்கள் எல்லாவற்றையும் 64 பிட் எண் ஒன்றுக்குள் திணித்திருக்கிறார்கள்.

சிக்கனம் சரி, சிக்கலும் அங்கேதான். பிராசஸரால் ஒற்றைப் பிட்டை மட்டும் தொட முடியாது. முழு எண்ணையும் படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டும். பிராசஸரின் ஒரு கோர் பூட்டுப் பிட்டைப் போட வருகிறது. அதன் மதிப்பு 1. அதே நொடித்துளியில் இன்னொன்று ‘எழுத வேண்டும்’ பிட்டைப் போட வருகிறது, மதிப்பு 16. இரண்டும் படித்தது 0. ஒன்று 16 என்று எழுதுகிறது, மற்றது அதன்மேல் 1 என்று எழுதுகிறது. வரவேண்டியது 17. நீங்கள் சேமித்த கோப்பின் மாற்றம் டிஸ்க்குக்குப் போகாமலே போகலாம். இருவரும் ஒரே பிட்டைத் தொடக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்!

இதற்கு மருந்து அணுச் செயல்: படிப்பது, மாற்றுவது, எழுதுவது மூன்றும் இடையில் யாரும் நுழைய முடியாத ஒரே செயல். கெர்னலில் அதன் பெயர் ‘செட்_பிட்’. இன்டெல் வகைச் சில்லுகளில் கட்டளைக்கு முன் ‘லாக்’ என்ற முன்னொட்டு வரும். வேலை முடியும்வரை அந்த எண் இருக்கும் கேஷ் வரியை வேறு கோர் பறிக்க முடியாது. பழைய ஏஆர்எம் சில்லுகளின் வழி வேறு: எழுதும்போது நடுவில் யாராவது கைவைத்திருந்தால் எழுத்து தோற்கும், மறுபடி முதலிலிருந்து.

‘டெஸ்ட்_அண்ட்_செட்_பிட்’ இன்னும் கெட்டிக்காரச் செயல். பிட்டைப் போட்டுவிட்டுப் பழைய மதிப்பையும் சொல்லும். 0 என்று பதில் பெற்றவருக்கே பூட்டு. 1 பெற்றவர் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பெயர்களுக்கு முன் இரண்டு அடிக்கோடு இருந்தால் அது அணுச் செயல் அல்ல. வேகமானது, ஆபத்தானது. அதே எண்ணில் மற்ற எல்லோரும் ஒழுங்காக அணுச் செயலையே பயன்படுத்தினாலும், இந்த ஒருவர் அவர்கள் எழுதியதை அழித்துவிடலாம். டிரைவர் நிரலில் அந்த இரட்டை அடிக்கோட்டைப் பார்த்தால், அந்த எண்ணில் வேறு யாருடைய பிட் குடியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.